வாழைத் தெப்பமும் வற்றாத கடலும்

இயற்கைப் பாட ஆசிரியர் திருவாளர் மாரப்பனார் அவர்கள் ஓய்வுபெறும் நாளில் உடன் பணிபுரிந்தோர் வாசித்தளித்தது
தருமபுரி, 1947

கடல் காணாத ஊரில் கடலைக் கொண்டுவந்து காட்டிய கண்ணியமிக்க பெரியீர்! ஊர்வனவும் ஓடுவனவும் உவர்நீர் கடந்து தீவு சேர்ந்த வரலாற்றை உள்ளம் உருக உரைத்த உத்தமரே! மகிழ்ந்து வாழ்த்தவேண்டிய மேடையில் மனம் கலங்கி நிற்கிறோம், பொறுத்தருள்க.

கடலடியில் நெருப்பு கக்கி எழுந்த வெறுந்தீவுக்குப் பல்லி எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்பீர்கள். வெள்ளம் வேரோடு பெயர்த்த மரம் கடலில் விழ, அதன் பொந்தில் பதுங்கிய உயிர் அலைமேல் கிடந்து அறியாத கரையில் ஒதுங்கிய கதையைச் சொல்வீர்கள். சித்தேரி மலையிலிருந்து வந்து படித்த காளியன் ஒருநாள் எழுந்து, "சோறு தண்ணி இல்லாம அம்மாந்தூரம் எப்படிங்க சார் போவும்?" என்றான். "முக்காவாசி செத்துத்தாம்பா போவும். லட்சம் வருசத்துல ஒண்ணே ஒண்ணு, வயித்துல முட்டையோட போய்ச் சேந்தாப் போதும்" என்றீர்கள். ஓணான் வாத்தியார் என்று ஊர் கேலி பேசியபோதும் அதைப் பட்டமாக ஏற்றுச் சிரித்தவர் தாங்கள்.

ஆயுதபூசைக்குப் பள்ளி வாயிலில் கட்டிய வாழைமரங்களைப் பூசை முடிந்ததும் பிணைத்துத் தெப்பமாக்கி, ஓணானையும் நத்தையையும் தவளையையும் அதில் ஏற்றி, இராமக்காள் ஏரியில் விடுவது தங்கள் வழக்கம். தவளை குதித்து நீந்திக் கரையேறும். அதுவே வென்றதென்று பிள்ளைகள் ஆரவாரிப்பார்கள். "இது ஏரி. உப்புத்தண்ணி தவளைத் தோலுக்கு ஆவாது. கடல்ல நீந்துனது சேராது, கட்டையப் புடிச்சிக்கிட்டதுதான் சேரும்" என்பீர்கள். பின்னர் நீந்திச் சென்று தெப்பத்தை இழுத்து வருபவன் தங்கள் ஒரே மகன் மாது. அந்த ஏரியில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அந்த மாது அந்தமான் தீவுக்கு எழுத்தர் வேலைக்குக் கப்பலேறினான். யுத்தம் தீவைச் சூழ்ந்ததும் கடிதம் நின்றது. யுத்தம் ஓய்ந்து திரும்பிய ஒருவர், மாது ஏறிய படகு நடுக்கடலில் கவிழ்ந்தது, அதற்குமேல் தெரியாது என்று சொல்லிப் போனார்.

சென்ற ஆயுதபூசையன்று, தங்கள் மனம் நோகுமே என்று நாங்கள் வாழைமரங்களை வெட்டி மாடுகளுக்குப் போட்டுவிட்டோம். தாங்களோ அதியமான்கோட்டைத் தோட்டமொன்றிலிருந்து வேறு வாழையைத் தோளில் சுமந்து வந்து, "பாடத்த நிறுத்திட்டா கடல் வத்திப்புடுமாங்க?" என்று கேட்டீர்கள். எங்களால் தங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று முதன்முறையாகத் தங்கள் துணைவியார் ஜானகியம்மாளும் ஏரிக்கரைக்கு வந்தார். தவளை நீந்திப்போவதையே பார்த்திருந்தவர், பிள்ளைகள் நடுவே தங்களை நோக்கி, "நம்ம மாது நல்லா நீந்துவானுங்களே?" என்றார். கடலில் நீந்தியது சேராது என்ற பாடத்தை வகுப்பு முழுதும் அறியும். பொய் சொல்லியறியாத தாங்கள், "கட்டை கெடச்சா கெட்டியாப் புடிச்சிக்குவான் ஜானகி" என்றீர்கள். அழுதோம், ஐயா. இதை எழுதும்போதும் அழுதோம்.

அன்பு நிறைந்த ஆசானே! வரும் ஆயுதபூசைக்கு வாழைமரங்களை நாங்களே பிணைத்து வைப்போம். தெப்பம் விடத் தாங்கள் வரவேண்டும். எத்தனை யுகம் மிதந்து வந்தாலும், கரை என்று ஒன்று இருந்தால்தான் உயிர் ஒதுங்கும் என்று கற்பித்தவர் தாங்களே. ஆகவே நல்லுடலும் நீளாயுளும் தங்களுக்கும் அம்மையாருக்கும் இறைவன் அருளுக என்று இறைஞ்சுகிறோம். மாது வந்தால் ஒதுங்க, தாங்கள் இருக்கவேண்டும்.

தங்கள் பிரிவால் வாடும்
ஆசிரியர்களும் பள்ளிப் பணியாளர்களும்