வராதவர்களையும் எண்ணிய ஞானாம்பிகை அம்மையாருக்கு

எண்களை ஏவல் கொண்ட எழிலரசியே! பிழை பொறுக்காத பெருந்தகையே! இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் பினாங்கு மருத்துவ ஆய்வுக்கூடத்தின் புள்ளியியல் அறைக்குப் பொலிவு தந்த பொறுமையின் பொற்குன்றே! செல்வி ஞானாம்பிகை விநாசித்தம்பி அவர்களே!

இப்படி முகம் பார்த்து விளிக்க வேண்டிய பிரியாவிடை மடல் இது. மாலை தயார், கேசரி தயார், நாற்காலிதான் காலி. அம்மையார் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை மென்று விழுங்க எங்களால் ஆகவில்லை. ஆகவே அவையோரைப் பார்த்தே அவர் கதையை வாசிக்கிறோம்.

1972இல் காசநோய் மாத்திரை பற்றி ஓர் ஆய்வு. முந்நூறு நோயாளிகளில் நாற்பது பேர் பாதியில் வருவதை நிறுத்திவிட்டார்கள். வராதவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள் என்றார் ஆய்வை நடத்திய டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா. அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. நாற்பது பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் பத்தை எடுத்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஜெலுத்தோங்குக்கும், ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்துக்கும் போய் அந்தப் பத்துக் கதவுகளையும் தட்டினார். ஆறு வீடுகளில் நோயாளி இறந்திருந்தார். "அவரு மௌத்தாகி நாப்பது நாளாச்சுக்கா. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கல லா," என்றார் ஜெலுத்தோங்கில் கணவரை இழந்த நூர் பீவி. திரும்பும் பஸ்ஸிலேயே அம்மையார் அந்தத் தேதியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் என்று, துணைக்குப் போன எங்கள் ஹனீபா இன்றும் சொல்வார்.

அந்தப் பத்து வீடுகளைக் கொண்டு, தட்டாத முப்பது கதவுகளுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று மதிப்பிட அம்மையார் ஒரு முறையை வகுத்தார். மாத்திரையின் பெருமை குறைந்தது, உண்மை வெளிவந்தது. வெளிநாட்டு ஏட்டில் கட்டுரையும் வந்தது. எழுதியவர் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "கணக்குப் போட உதவிய செல்வி ஞானாம்பிகைக்கு நன்றி" என்று ஒரு வரி. அந்த வரியைத் தட்டச்சு செய்து கொடுத்தவர்கள் நாங்கள்தான். வெட்கமாக இருக்கிறது.

நுரையீரலில் தொடங்கிய அந்த முறை சிறுநீரகத்துக்குப் போனது, கண்ணுக்குப் போனது, மகப்பேற்றுக்கும் புற்றுநோய்க்கும் போனது. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிடும் தடித்த புத்தகம் ஆண்டுதோறும் நூலகத்துக்கு வரும். அம்மையார் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து எண்ணுவார். சென்ற ஆண்டு வரை ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள், அத்தனையும் டாக்டரின் பெயரில். அவர் இயக்குநரானார், அரசு தரும் டத்தோ பட்டமும் பெற்றார். "அடுத்த கட்டுரையில உங்க பேரப் போட்டுடலாம்க்கா" என்று இருபது ஆண்டுகள் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

ஆண்டோ பட்டமோ தவறிவிடக் கூடாதென்று, மடலின் படியை ஓய்வு பெறுபவரிடம் முன்னதாகக் காட்டுவது எங்கள் கூடத்து வழக்கம். சென்ற வாரம் காட்டினோம். எழிலரசியையும் பொற்குன்றையும் அவர் தொடவில்லை. "புதிய முறைக்கு உதவினார்" என்ற இடத்தில் மட்டும் சிவப்பு மையால் அடித்து, "புதிய முறையைக் கண்டறிந்தார்" என்று எழுதினார். இத்தனை ஆண்டுகளில் தமக்கென்று அவர் கேட்டது அது ஒன்றுதான். இயக்குநர் அதையும் அடித்தார். "அக்கா கணக்குத்தானே போட்டாங்க? கண்டுபிடிச்சாங்கன்னு எழுதினா நாலு பேரு கேள்வி கேப்பாங்க லா," என்றார். அம்மையார் அறைச் சாவியை எங்கள் யோகலட்சுமியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே இன்று காலை மடலை மறுபடி தட்டச்சு செய்தோம்.

அம்மையீர்! வராதவர்களையும் எண்ண வேண்டும் என்று உலகத்து மருத்துவர்களுக்கெல்லாம் காட்டியவரே! இன்று வராதவர் தாங்கள், தங்களை எண்ணுகிறோம். அந்த முறையைக் கண்டறிந்தவர் தாங்களே! கண்ணொளி குன்றாமல், கால் நோகாமல் நெடுங்காலம் வாழுங்கள். இதைச் சட்டமிட்டு ஹனீபா மாலையில் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவர் கதவைத் தட்டும்போது தயவுசெய்து திறவுங்கள்.

இங்ஙனம்,
யோகலட்சுமி, ஜெயலெட்சுமி, சலேஹா, ஹனீபா
புள்ளியியல் அறைப் பணியாளர்கள்
பினாங்கு, 1992

(பொடி எழுத்தில்) தாள் வாங்கித் தந்து உதவிய இயக்குநர் டத்தோ டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு நன்றி.