பதினொரு படகுகளும் ஒரு வரியும்

இந்த நாற்காலியில் முதுகுக்கு நல்ல சாய்மானம் இருக்கிறது, அம்மா. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று வேண்டுமென்று இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டேன். காவல் நிலையத்துக்கு வந்துதான் கிடைக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிற அந்தப் பெண்ணுக்குக் கை வலிக்கக் கூடாது, பாவம்.

என் பெயர் கோதை. செங்கல்பட்டிலிருந்து தினமும் மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் வந்து போகிறவள். கோவளத்துப் படகு சங்கத்துக்கு எங்கள் கம்பெனி ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தான் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் படகுக்காரர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். சங்க அலுவலகத்தில் ஹெலன் என்ற பெண் அந்தப் படகின் எண்ணைக் கணினியில் தட்டுவாள். படகு கடைசியாக எங்கே இருந்தது என்று திரை காட்டும். மீட்புப் படகு அங்கே போகும். அந்த இடங்களையெல்லாம் சேமித்து வைக்கிற டேட்டாபேஸ் நான் கட்டியது.

போன வருஷம் ரேணுகா வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரப் பெண். ஹெலனின் திரையைப் புதிதாக எழுதிக் கொடுத்தாள். எங்கள் மேலாளர் பத்ரி எல்லார் முன்னாலும் சொன்னார்: "கோதை மேடம், இனிமே நீங்க ரிலாக்ஸா இருங்க. ரேணுகா பாத்துப்பா. நீங்க சும்மா ஆசீர்வாதம் பண்ணா போதும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஐம்பத்து நாலு வயது. ஆசீர்வாதம் பண்ணுகிற வயதுதான் போலிருக்கிறது.

ரேணுகாவின் புரோகிராமில் ஒரு சின்னப் பிசகு இருந்தது. என் அட்டவணையில் படகு எண்ணை ஒடுக்கமான எழுத்து வகையில் வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும்தானே. அவளுடைய புரோகிராம் கேள்வி கேட்கும்போது அதே எண்ணை, உலகத்து மொழிகளெல்லாம் அடங்கும் அகலமான வகையில் அனுப்பியது. வகையைச் சொல்லாவிட்டால் அது தானாகவே அப்படித்தான் அனுப்பும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கோயில் வாசலில் செருப்பு விடுகிறீர்கள். டோக்கனைக் காட்டினால் அந்த ஆள் நேரே அந்த அலமாரிக்குப் போய் எடுத்துத் தருவார். அதே நம்பரை நீங்கள் வேறொரு எழுத்தில் எழுதிக் கொடுத்தால்? இந்த இயந்திரம் எப்படிப்பட்ட ஆள் என்றால், உங்கள் சீட்டைத் தன் எழுத்துக்கு மாற்றாது. அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு ஜோடியின் நம்பரையும் உங்கள் எழுத்துக்கு மாற்றி எழுதி, இதுவா, இதுவா என்று பார்க்கும். கடைசி ஜோடி வரைக்கும். ரொம்ப நேர்மையான ஆள்.

சோதனைக்கு வைத்திருந்தது இருநூறே பதிவு. அதில் எதுவும் தெரியாது. கடலில் நிஜமாக ஓடும் படகுகளோ ஆறு மாதத்தில் நாலு கோடி பதிவு சேர்த்துவிட்டன. பதில் வர முதலில் நாலு விநாடி, அப்புறம் ஒரு நிமிஷம், கடைசியில் ஒன்பது நிமிஷம். எண்ணை இந்த வகையில், இத்தனை எழுத்து நீளத்தில் அனுப்பு என்று ஒரே ஒரு வரி எழுதினால் கண் சிமிட்டும் நேரம்தான்.

ஹெலன் எனக்கு போன் செய்வாள். "அக்கா, இன்னாக்கா இது, சுத்திகினே கீது! அங்க நாலு பேரு தண்ணில கீறாங்க!" நான் என் கணினியில் நேரடியாக, சரியான வகையில் கேட்பேன். பதில் வந்துவிடும். திசையும் தூரமும் சொல்வேன். ஒரு தரம் பஸ்ஸில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டே சொன்னேன். பக்கத்து சீட்டு அம்மாள் எனக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தாள்.

நாலு மாதத்தில் பதினொரு படகுகள். அப்புறம் ஹெலன் திரையைத் தொடுவதையே விட்டுவிட்டாள். நேரே எனக்குத்தான் போன். சங்கச் செயலாளர் ஜான்சன் கடற்கரை முழுக்கச் சொன்னார்: "கோதையம்மா கீறச் சொல்ல கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு?" பத்ரியும் இப்போது ஆசீர்வாதம் பற்றிப் பேசுவதில்லை.

ரேணுகா அந்தத் திருத்த வரியைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி என்றேனே. எங்கள் கம்பெனியில் யார் எதைத் திருத்தினாலும் நான் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது கடலுக்குப் போகும். மூன்று தரம் அனுப்பினாள். முதல் தரம், படிவம் சரியில்லை என்று திருப்பினேன். இரண்டாம் தரம், இன்னும் சோதிக்கவும் என்று. மூன்றாம் தரம், "அவசரம் வேண்டாம்." அந்த மூன்று தாள்கள்தானே உங்கள் மேசைமேல் இருக்கின்றன? தேதி, நேரம் எல்லாம் சரியாக இருக்கும். அந்தப் பதிவேட்டையும் நான்தான் அமைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோவளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பாராட்டு. காலை பத்து மணி. ஜான்சன் மைக்கில் வாழ்த்து மடல் வாசித்துக்கொண்டிருந்தார். கைபேசி அதிர்ந்தது. ஹெலன். பார்த்தேன். வாசிக்க இன்னும் நாலே வரிதான் பாக்கி. மேடையில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று கவிழ்த்து வைத்தேன். நாலு வரி முடிந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். அப்புறம் போட்டோ. ஹெலன் பதினான்கு தரம் கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் திரையிலும் தட்டிவிட்டு, சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

படகில் சின்னையனும் அவர் தம்பியும். தம்பி ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். மீட்புப் படகு போனதும் அவர் சொன்னாராம்: "அண்ணன் இப்பத்தாங்க கைய வுட்டாரு. இப்பத்தான்." இப்பத்தான் என்றால் ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். திரை எடுத்துக்கொண்டது ஒன்பது.

சாயங்காலம் ரேணுகா அழுதுகொண்டே வந்தாள். தன் புரோகிராமால் ஒரு மனிதர் போய்விட்டார் என்றாள். தலையைத் தடவி, "அழாதேம்மா, ஆரம்பத்தில் எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். அவளைத் திட்டவே இல்லை, அம்மா. அன்றைக்கே அவளுடைய வரிக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டேன். இப்போது திரை கண் சிமிட்டும் நேரத்தில் பதில் சொல்கிறது. யாரும் எனக்கு போன் செய்வதில்லை.

ஆமாம், முதல் நாளே தெரியும். ரேணுகாவின் கேள்வி ஓடியதும் அலமாரி முழுக்கப் புரள்வதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் காப்பாற்றிய படகுகளையும் அதில் சேர்க்க வேண்டும். பதினொன்று. எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள், அம்மா. நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.