வெயில் அடிக்கும்போதே நின்ற மின்சாரம்

பெயர்: பதினெட்டு வயது ஆகாததால் இந்த வாக்குமூலத்தில் எழுத வேண்டாம் என்று பெண் காவலர் அக்கா சொன்னார். வீட்டிலும் கடையிலும் என்னைப் பூனை என்று கூப்பிடுவார்கள். வயது: பதினாறு. தொழில்: என் தாய்மாமாவின் ஜெனரேட்டர் வாடகைக் கடையில் உதவி. இருப்பிடம்: அதே கடையின் மாடி.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. மாமா கடையில் அது ஒரு குறையாக இல்லை. ஜெனரேட்டர் ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது என்பதால் அங்கே எல்லாம் கைச்சாடைதான். மூடிய கையை விரித்துக் காட்டினால், இயந்திரம் சீராக ஓடுகிறது, இனி லோடு கொடுக்கலாம், அதாவது மின்சாரத்தைத் திறந்துவிடலாம் என்று அர்த்தம்.

எங்கள் தெருக்கோடியில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்தும் அம்மா பல வருடங்களாக எங்கள் ஜெனரேட்டரைத்தான் வாடகைக்கு வைத்திருந்தார். போன மாதம் கூரை முழுக்கச் சோலார் பலகை போட்டதும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பலகை போட்டுக் கொடுத்த சோலார் அண்ணன் எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, உங்க புகைபோக்கியப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. இனிமே சூரியன்தான் நமக்கு டீசல்" என்றார். அதற்கு மாமா, "பாத்துட்டே இரு தம்பி, பட்டப்பகல்ல வெயில் அடிக்கும்போதே உன் கரண்டு நிக்கும். அன்னிக்கு என்னைத் தேடி வருவீங்க" என்றார். மாமா அப்படிச் சொன்னது உண்மை. நானும் கேட்டேன், தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள். வயிற்றெரிச்சலில் சொன்னாரே தவிர, சோலாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்று காலை மாமா பொரிப்பகத்தின் பின்சுவர்ப் பக்கம் போனதும் உண்மை. எங்கள் பழைய கேபிள் அங்கேயே கிடந்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அது இப்போது கடையில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

அதன் பிறகு, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் தெருவுக்கே மின்சாரம் போனது. கம்பத்தில் வேலை நடக்கிறது என்றார்கள். சிறிது நேரத்தில் பொரிப்பக அம்மா, சோலார் அண்ணனையும் ஒரு காவலரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, மண்டையைப் பிளக்கும் வெயிலில் சோலாரும் நின்றுவிட்டது, முட்டைகள் இன்று பொரிக்கும் நாள், இவர்தான் ஒயரை வெட்டிவிட்டார் என்றார். மாமா, "வாயால கெட்டேன்மா. கையால எதையும் தொடல" என்றார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜீப் போன பிறகு கடையில் நான் மட்டும் இருந்தேன். பொரிக்கும் நாளில் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சு கத்தும். மாமாவோடு போனபோது அதை முட்டைத் தட்டில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். அதனால் சின்ன ஜெனரேட்டரையும் ஒரு கேபிளையும் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. வாசலில் அந்த அம்மா, "மாமன் வெட்டினது போதாதுன்னு மருமக வேற வந்துட்டாளா?" என்றார். கேபிளின் முனையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பிப் பார்த்தார், பிறகு, "எதுல வந்தா என்னடி, குஞ்சுக்குச் சூடு வந்தாப் போதும். வா" என்று கதவைத் திறந்தார்.

கம்பத்து லைனை விட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் பழைய சுவிட்சு சுவரிலேயே இருந்தது. அதில் இணைத்து, ஜெனரேட்டரை ஓடவிட்டு, சத்தம் சீரானதும் லோடு கொடுத்தேன். அடைகாக்கும் இயந்திரங்களில் விளக்கு எரிந்தது. சோலார் அண்ணன் வெட்டுப்பட்ட ஒயரைத் தேடிக் கூரையில் ஊர்ந்துகொண்டிருந்தார். அதன் பிறகு கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டரின் சத்தம் இறங்கியது. டீசல் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன், தீரவில்லை. மேட்டில் ஏறும் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிக் கொடுத்தது போல இலகுவாக ஓடியது. திரும்பிப் பார்த்தால், சோலாரின் இன்வெர்ட்டர் பெட்டியில் சிவப்பாக இருந்த விளக்கு பச்சையாகியிருந்தது. "அண்ணா!" என்று கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டி அது கூரையில் இருந்தவருக்குக் கேட்டிருக்கிறது.

வெட்டின ஒயர் தானாக எப்படி ஒட்டிக்கொண்டது என்று அந்த அம்மா அவரைக் கேட்டார். அவர் தன் கம்பெனிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். பேட்டரி இல்லாத சோலார், கம்பத்து லைனில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும், லைன் போனால் தானே நின்றுவிடும், இல்லையென்றால் கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு ஷாக் அடிக்கும், இப்போது ஜெனரேட்டரையே லைன் என்று எண்ணி எழுந்துவிட்டது, இரண்டையும் சேர்த்து ஓட்டத் தனியாக ஒரு கருவி வைக்க வேண்டும், அதுவரை சோலார் மின்சாரம் மிஞ்சி ஜெனரேட்டருக்குள் பாயாமலிருக்க எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று சொன்னார்கள். சோலார் அண்ணன் தலையில் கை வைத்து, "வித்த எனக்கே யாரும் சொல்லலையேம்மா" என்றார். "அப்ப அந்த மனுஷன் சாபம்தான் பலிச்சுதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அதன் பிறகு சோலார் அண்ணனே என்னைத் தன் வண்டியில் இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். குஞ்சுகளை விட்டு வர முடியாததால் பொரிப்பக அம்மா, ஒயரை யாரும் வெட்டவில்லை என்று இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் போனில் பேசினார். பின்னாலிருந்து வந்த கீச்சுச் சத்தத்தில் அவர் சொன்னது ஐயாவுக்குப் பாதி விளங்கவில்லை.

இங்கும் மின்சாரம் இல்லாததால் இதை ஜன்னலோரம் வைத்து எழுதுகிறார்கள். பேசச் சொன்னபோது வழக்கம்போல் எனக்குக் குரல் வரவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா, மூடிய கையை விரித்துக் காட்டினார். அதன் பிறகுதான் தொடங்கினேன். பாதியில் எழுத்தர் ஐயா தாளாலேயே விசிறிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். மாமா, "கடைக்காரனை வெளிய விட்டாக் கிடைக்கும் சார்" என்றார். "கூரையில நம்ம பலகையும் போட்டுட்டா டீசல் பாதிதான் ஆகும்" என்று சோலார் அண்ணன் வாசலில் நின்றபடி சொன்னார். மாமா அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

இதுவரை எழுதியதைப் பெண் காவலர் அக்கா எனக்குப் படித்துக் காட்டினார். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. அத்தனையும் உண்மை, என் வாயாலேயே சொன்னேன்.

(கையொப்பம்)