ஐந்தாம் தட்டைத் தள்ளிவைத்த சுகிர்தம் அம்மையாருக்கு

சின்னமனூர் மலைத்தோட்ட விளைபொருள் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் முப்பத்தோராண்டு மிளகின் தரம் பார்த்து, 2009 மே மாதத்தோடு பணி நிறைவு பெறும் திருமதி சுகிர்தம் அருளப்பன் அவர்களுக்குச் சங்கத்தார் வாசித்தளிக்கும் மடல்

மூன்று மணி மிளகில் முழு மலையின் முகவரி சொன்ன மூதறிவே! நாவையே தராசாக்கி நடுநிலை பிசகாது நின்ற நல்லாளே! கடிந்த சொல்லாலும் கனிந்த நெஞ்சாலும் எங்களைக் கட்டியாண்ட கண்ணியமே! வணக்கம்.

"என்னைய மொகத்துக்கு நேரா புகழ்ந்தீகன்னா எந்திரிச்சுப் போயிருவேன்" என்று அம்மையார் நேற்றே எச்சரித்துவிட்டார். சொன்னால் செய்யக்கூடியவர். ஆகவே அவர் இந்த அவையில் இல்லாதது போலப் பாவித்து, அவரது கதையை ஊராருக்குச் சொல்கிறோம். அவரும் யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பது போலக் கேட்டுக்கொள்ளட்டும்.

சனிக்கிழமைதோறும் எங்கள் சரக்குக் கிட்டங்கியில் பித்தளைத் தட்டுகள் வரிசையாக இருக்கும். தட்டின் மேலே மிளகு. அடியில் தோட்டக்காரர் பெயரெழுதி ஒட்டிய துண்டுச்சீட்டு. அம்மையார் ஒரு பிடி அள்ளிக் குலுக்கிக் காதருகே வைப்பார். கொஞ்சம் தண்ணீரில் போட்டு மிதப்பதைப் பார்ப்பார். மூன்று மணியைக் கடிப்பார். பிறகு தரம் சொல்வார். சொன்ன பிறகே தட்டைத் திருப்பிப் பெயர் பார்ப்பது வழக்கம். அண்ணன் தம்பி, அக்கம் பக்கம், கோயில் கமிட்டி, கட்சிக்காரர் என்ற பேதமெல்லாம் அந்தத் தட்டின் அடியிலேயே அடங்கிக் கிடந்தது.

இப்படியிருக்க, அண்டை நாடுகளோடு நம் நாடு கூடிநிற்கும் தெற்காசியக் கூட்டமைப்பின் பேச்சு எங்கள் மலை வரைக்கும் ஏறி வந்தது. அந்த உறவின் தொடர்ச்சியாக இலங்கையோடு தனியே செய்த ஒப்பந்தத்தால் அங்குள்ள மிளகும் வரிச்சுமை குறைந்து கரையேறியது. எங்கள் மிளகின் விலையோ பாதிக்கும் கீழே சரிந்தது. கூட்டமைப்பால் வந்த லாபம் என்ன, நட்டம் என்ன என்று விவசாயிகளிடமே கேட்டறிய 2003ஆம் ஆண்டு ஓர் அதிகாரி சின்னமனூருக்கு வந்தார். எங்களுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. பதிலை மனுவாகவே எழுதி வைத்திருந்தோம்: லாபம் ஒன்றுமில்லை, வருவது குப்பை மிளகு, நாடு உடனே விலக வேண்டும்!

குப்பை என்பதை நிரூபிக்கத் தலைவர் சங்கரலிங்கம் தட்டு வைக்கச் சொன்னார். அம்மையார் உள்ளே வருமுன் அதிகாரி தம் பையிலிருந்து இலங்கை மிளகை ஒரு தட்டில் கொட்டினார். மற்ற நான்கும் நம் உறுப்பினர் மிளகு. அம்மையாருக்கு மரியாதை செய்வதாக எண்ணி, அவருக்குத் தெரியாமல், மயிலாடும்பாறைக்கு மேலே அவர் கணவர் அருளப்பன் பார்க்கும் தோட்டத்து மிளகையும் தலைவர் அதில் சேர்த்திருந்தார்.

அம்மையார் குலுக்கினார், மிதக்கவிட்டார், கடித்தார். இரண்டாம் தட்டை முன்னுக்கு நகர்த்தி, "இதுதான் மொதத் தரம். நம்ம மேகமலைச் சரக்கு, சந்தேகமே இல்ல" என்றார். ஐந்தாம் தட்டில் பாதி மிதந்தது. கடித்ததும் முகத்தைச் சுளித்தார். "பச்சையில பறிச்ச பொக்கு. இதத்தான் கப்பல்ல ஏத்தி அனுப்பிருக்காக" என்று தள்ளிவைத்தார். நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டாம் தட்டைத் திருப்பினார்கள். இலங்கை.

ஐந்தாம் தட்டைத் திருப்பினார்கள். அருளப்பன், மயிலாடும்பாறை.

ஐயோ, அந்த நேரத்தை என்னவென்று எழுதுவது! விலை நாளைக்கு இன்னும் இறங்கிவிடும் என்ற பயத்தில், கொத்தில் ஒரு மணிகூடப் பழுக்கும் முன்பே, மனைவியிடமும் சொல்லாமல் கணவர் பறித்துவிட்டார் என்பது அந்தச் சீட்டைப் படித்தபோதுதான் அம்மையாருக்கு விளங்கியது. அருளப்பன் மட்டுமா? மலை முழுக்க நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பறித்திருந்தோம்.

தலைவர் அம்மையாரின் காதருகே குனிந்தார். "அம்மா, சளி புடிச்சு நாக்கு மரத்துப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவுக இன்னும் எழுதல."

அதிகாரியின் பேனா மூடி திறந்தபடி இருந்தது. சங்கத்தின் மனுவும் அம்மையாரின் வேலையும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கின. வாசலோரம் அருளப்பன் தலை குனிந்து நின்றிருந்தார். அம்மையார் அவரை ஒரு முறை பார்த்தார்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு, தலைவரய்யா. எங்க வீட்டு மெளகுதான் நல்லா இல்ல."

அதிகாரி எழுதிக்கொண்டு, "சரி, கூட்டமைப்பால் உங்களுக்கு எந்த நன்மையுமே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று நாங்கள் வாயெடுக்கும் முன், டீ கொண்டுவந்த எங்கள் சுமைதூக்குபவர் ஒச்சாண்டி நின்று சொன்னார். "எம் மகன் ஆண்டிபட்டிப் பக்கம் நூல் மில்லுல வேல பாக்குறான். அந்த நூலு கொழும்புக்குத்தான் போகுதுங்கய்யா. வெலகிட்டா எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சிரும்." அது இரண்டாவது இடி. மலையில் எங்களுக்கு விழுந்த அடி, கீழே அவர் வீட்டில் சோறாகியிருக்கிறது. இத்தனை நாளாக எங்கள் மூட்டையைச் சுமந்தவரிடம் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

மனு நிற்கவில்லை. எங்கள் கோபமெல்லாம் அம்மையார் மேல் பாய்ந்தது. சோற்றுக்கு வழிசெய்த சங்கத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்றோம். ஆறு மாதம் கிழிந்த சாக்குகளைத் தைக்க வைத்தோம். அவர் தைத்தார். அருளப்பன் அடுத்த விளைச்சலில், கொத்துக்கு இரண்டு மணி சிவக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து பறித்தார். அவர் மிளகு தனி விலைக்குப் போனதும், நாங்கள் ஒவ்வொருவராகக் பறிப்பைத் தாமதமாகத் தொடங்கினோம். அம்மையாரைத் தட்டுகளுக்கு முன்னே திரும்ப உட்கார வைத்தோம். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அம்மையாரே எழுந்து வந்து அடித்துத் திருத்துவார். பழைய விலை திரும்பவில்லை. தலைவரே பாதித் தோட்டத்தை விற்றார். மிஞ்சியவர்கள் மிஞ்சியது பொறுத்துப் பறித்ததால்தான்.

இதோடு இந்த மடல் முடிந்திருக்க வேண்டும். சென்ற வாரம் அம்மையாரின் மேசையை ஒப்படைப்புக்காகத் திறந்தபோது, இழுப்பறையின் அடியில் ஒரு தாள் இருந்தது. 'சுகிர்தத்தை வேலையை விட்டு நீக்குக' என்று அன்று நாங்கள் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்ட தாள்! மேலே அனுப்பாமலே கிழித்துப் போட்டாயிற்று என்று இத்தனை காலம் நம்பியிருந்தோம். ஆறு வருடமாக அதை வைத்துக்கொண்டா, காலையில் வந்ததும் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்? வெட்கத்தில் வெந்துபோனோம்.

அம்மையே! இனிமேல் உங்கள் முகம் பார்த்தே பேசுகிறோம், எழுந்து போகாதீர்கள். கண்ணும் காலும் நாவும் நலமாக, மயிலாடும்பாறைத் தோட்டத்துக் கொத்துகள் சிவப்பதை இன்னும் பல்லாண்டு அருளப்பனோடு பார்த்திருங்கள். எங்களால் தரக்கூடியது ஒன்றுதான். அந்தத் தாளில் இருந்த பதினெட்டுப் பேரும், அதே வரிசையில், இதன் கீழே கையெழுத்திடுகிறோம்.

சங்கரலிங்கம், தலைவர்
தங்கபாண்டி, எழுத்தர், அந்தத் தாளையும் இந்த மடலையும் எழுதியவன்
மற்றும் பதினாறு பேர்

பத்தொன்பதாவதாக: ஒச்சாண்டி, சுமைதூக்குபவர், அன்று கையெழுத்திட மறுத்தவர்