காரணம் எழுத வேண்டிய இடம்

சத்தியராஜ்: ...சும்மா ஒரு கையெழுத்துதான்ப்பா. இந்த மூலையில.

ஞானையன்: போடுதேன். மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாத்துட்டுப் போடுதேன். என் கண்ணாடி எங்கலே?

சத்தியராஜ்: உங்க நெத்தியில.

ஞானையன்: ம்... இங்கிலீசுல என்னமோ... 'இப்போ படிக்கிற காலேஜை விட்டு'... ஏலே! மெட்ராஸ் காலேஜை விடப் போறியா?

சத்தியராஜ்: விடல்லப்பா, மாறுதேன். திருவனந்தபுரத்துல புதுசா எஞ்சினியரிங் காலேஜ் திறந்திருக்காவல்லா, அங்க.

ஞானையன்: அது சின்னதுல்லா?

சத்தியராஜ்: சின்னதுனாலதான் வாத்தியாருக்கு எல்லாரு பேரும் தெரியுமாம். மெட்ராஸ்ல ஒரு வருசமா என் பேரு நாப்பத்தேழு.

ஞானையன்: நம்ம சபையே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணி உன்னை அனுப்பிச்சு. டிரங்குப் பெட்டி வாங்கித் தந்து, அதுல 'சத்தியராஜ், எஞ்சினியரிங், மெட்ராஸ்'னு பெயின்டும் அடிச்சுத் தந்தாவ. இப்போ அந்தப் பெட்டிய என்ன செய்ய?

சத்தியராஜ்: மெட்ராஸை மட்டும் அழிச்சிருவோம்.

ஞானையன்: திருவனந்தபுரம் நீளமான பேரு. இடம் பத்தாது.

சத்தியராஜ்: மூடியில பாதி, பக்கவாட்டுல பாதி. நான் டிராயிங் படிச்சவன்லா.

ஞானையன்: படிச்ச லெட்சணம்! நீ படம் போட்டுக் கட்டின கூட்டுல கோழி நுழைய முடியல்ல.

சத்தியராஜ்: கோழி திருட வந்த மரநாயும் நுழைய முடியல்லயே, அதையும் சொல்லுங்க.

ஞானையன்: வாயைக் கொறை... இங்க 'காரணம்'னு ஒரு இடம் விட்டிருக்கே. தகப்பன்தான் எழுதணுமாம். என்ன எழுத?

சத்தியராஜ்: மெட்ராஸ் வெயிலு உடம்புக்கு ஒத்துக்கல்லன்னு...

ஞானையன்: சட்டைப் பட்டன் தெறிக்க நிக்கியே. யாரு நம்புவா?

சத்தியராஜ்: சாப்பாடு ஒத்துக்கல்லன்னு...

ஞானையன்: ஒத்துக்காமலா பட்டன் தெறிக்கு?

சத்தியராஜ்: சரி, பரீட்சையில தோத்துட்டேன்னு எழுதுங்க.

ஞானையன்: தோத்தியா?

சத்தியராஜ்: இல்ல... மூணாவதா வந்தேன்.

ஞானையன்: பொறவு என்னலே? எவனாவது அடிச்சானா? இல்ல... பொம்பளப் பிள்ளை ஏதாவது?

சத்தியராஜ்: இந்த மூஞ்சிக்கா? அப்படியே உங்க ஜாடைப்பா.

ஞானையன்: பொய்யை எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சத்தியராஜ்: நாளைக்குத் தபால்ல சேக்கல்லன்னா சீட்டு போயிரும்ப்பா.

ஞானையன்: அப்போ உள்ளதைச் சொல்லு மக்கா.

சத்தியராஜ்: பொன்னுலிங்கம் அண்ணன் கடுதாசி போட்டிருந்தாரு. அம்மா தவறிப் போன பொறவு நீங்க சாயங்காலம் அடுப்பே பத்த வைக்கதில்லையாம். மத்தியானச் சோத்துல குடத்து வெள்ளத்த ஊத்தி, நின்னுட்டே குடிக்கியளாம்...

ஞானையன்: அவனுக்கு வேற சோலி இல்லையா? அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பாக்கான்!

சத்தியராஜ்: திருவனந்தபுரம்னா சனிக்கிழமை பஸ் ஏறினா வீட்டுக்கு வந்திரலாம். மீன் வாங்கிக் கறி வைக்கலாம்.

ஞானையன்: நீயா? நீ வச்ச கறிக்கு நின்னுட்டுக் குடிக்கிற சோறே தேவலை... இதுக்காகவா பெரிய காலேஜை விடுதே? மடையா.

சத்தியராஜ்: உங்களுக்காக மட்டும் இல்லப்பா. எனக்கும் அங்க ஏலல்ல. நான் ஒரு தமாசு சொன்னா, சிரிக்க மாட்டாம, 'நீ எந்த ஊரு?'ன்னு கேக்கானுவ. ஒரு வருசமா என்னைப் பாத்து யாரும் 'மடையா'ன்னு சொல்லல்ல. அதை எழுதுவியளா?

ஞானையன்: எழுத மாட்டேன். பேப்பரை மடிச்சு வை.

சத்தியராஜ்: அப்பா...

ஞானையன்: போன வாரமே இதே திருவனந்தபுரம் பேப்பர் ஒண்ணை நான் வரவழைச்சு, நிரப்பி, உன் கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பியாச்சு. படிக்கிற பிள்ளையை இழுத்துப் போடுதேனேன்னு வெக்கமா இருந்து. அதான் உங்கிட்டச் சொல்லல்ல.

சத்தியராஜ்: அனுப்பியாச்சா! காரணம்...?

ஞானையன்: 'மகனைப் பார்க்காமல் தகப்பனுக்கு இருக்க முடியவில்லை.'

சத்தியராஜ்: ...பின்ன எதுக்குப்பா இம்புட்டு நேரம் எங்கிட்ட சத்தம் போட்டிய?

ஞானையன்: ஞாயித்துக்கிழமை சபையில கேப்பாவல்லா? 'நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், பய கேக்க மாட்டேங்கான்'னு சொல்லணும். ஆலயத்துல நின்னு பொய் சொல்ல முடியுமா, மக்கா?