அரை அங்குலம்

குதிரை முதுகில் கைவைக்கப் போகிறவன் அன்று காலையில் பச்சை வெங்காயம் தின்னக் கூடாது, ஐயா. அந்த வாடை அதற்கு ஆகாது; உடம்பை இறுக்கிக்கொள்ளும். முப்பது வருஷமாக நான் வெங்காயம் இல்லாமல்தான் பழைய சோறு சாப்பிடுகிறேன்.

என் பெயர் கந்தப்பன். அவிநாசிபாளையத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறேன். குதிரைகளுக்கும் பார்ப்பேன், அவற்றிலிருந்து விழுகிறவர்களுக்கும் பார்ப்பேன். பனியன் கம்பெனிக்காரர்கள் ஆசைக்குக் குதிரை வாங்க ஆரம்பித்த பிறகு இரண்டு வேலையும் கூடிப்போனது. நான் கட்டிய எலும்பு கோணிச் சேர்ந்ததாக இந்தப் பக்கம் ஒருவரும் சொன்னதில்லை.

அங்கமுத்து முதலாளியின் மகள் சித்ரகலா 2005-ல் தன் செவலைக் குதிரையிலிருந்து விழுந்தாள். இடது முழங்காலுக்குக் கீழே முறிவு. மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் போட்டு நான்தான் கட்டினேன். கட்டைப் பிரித்தபோது அந்தக் கால் அரை அங்குலம் குறைந்திருந்தது. நடையில் அவ்வளவாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சின்னப் பெண், மனசு ஒடிந்துவிடும் இல்லையா.

மறுபடி அவள் ஏற ஆரம்பித்ததும் செவலையின் முதுகு வலது பக்கம் வீங்கியது. வாராவாரம் போய் நீவிவிட்டேன். குதிரைக்குப் பிறவியிலேயே முதுகு கோணல் என்று சொல்லிவைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். குதிரை யாரிடம் போய்ச் சொல்லப் போகிறது.

இரண்டு வருஷம் கழித்து, பனியன் கொள்முதல் செய்கிற ஒரு ஜெர்மனி பையர் மனைவியோடு முதலாளியின் தோட்டத்துக்கு வந்தார். அந்த அம்மாளுக்கும் ஏறக்குறைய என் தொழில்தான்: மருந்தில்லாமல், கத்தியில்லாமல், குதிரைக்கும் ஓட்டுகிறவருக்கும் சேர்த்துக் கையாலேயே பார்ப்பது. செவலையின் முதுகை அரைமணி நேரம் தடவினாள். பிறகு சித்ரகலாவை அதன்மேல் உட்காரச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தாள். அவள் சொன்னதை மானேஜர் சுரேஷ் தமிழில் சொன்னார்.

"குதிரைமேல கோளாறு இல்லீங்களாம். பாப்பாவுக்கு ஒரு கால் குட்டைங்களாம். படம் எடுத்துப் பாக்கோணுங்களாம்."

அந்த அம்மாள் கண்டுபிடிப்பாள் என்று அவள் கை போன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை கோயம்புத்தூரில் எக்ஸ்ரே என்று முடிவானது.

கோணிச் சேர்ந்த எலும்பை அதே இடத்தில் மறுபடி முறித்துக் கட்டினால் நேராகும். எங்கள் தொழிலில் உள்ளதுதான். பழைய தப்பும் புது முறிவுக்குள் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை, செவலையின் முதுகில் வலி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் நன்றாகக் கிளறிவிட்டுச் சேணம் போட்டேன். "வலது பக்கமாக் கொஞ்சம் சாஞ்சு உக்காரு கண்ணு" என்றேன். என்னைத் தாத்தா முறை வைத்து அப்புச்சி என்பாள்; நான் சொன்னதை அவள் தட்டமாட்டாள். வேலி ஓரமாகப் போனபோது குதிரை துள்ளித் தள்ளிவிட்டது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தது நான்தான். முழங்கை மட்டும் சிராய்ந்திருந்தது. "ஒண்ணுமில்லீங்க அப்புச்சி, நானே எந்திரிச்சுக்கறேன்" என்றாள். காலைத் தடவிப் பார்த்தேன். முறியவில்லை. மற்றவர்கள் இன்னும் தொழுவத்துப் பக்கம்தான் இருந்தார்கள். அவள் காலைத் தூக்கி வேலிக்கல்லின் மேல் வைத்து, பழைய இடத்தைப் பார்த்து என் முழங்காலை இறக்கினேன். ஒரே தடவைதான். மயங்கிவிட்டாள், அதுவும் நல்லதாகப் போயிற்று.

அங்கமுத்து காரை எடுக்கச் சொன்னார். "நான் இருக்கறப்ப ஆஸ்பத்திரி எதுக்குங்க மொதலாளி? கட்டுப் பிரிச்சதுக்கப்பறம் படம் எடுத்துக்கலாமுங்க" என்றேன். அங்கேயே தப்பை வைத்துக் கட்டினேன். நினைவு வந்ததும் அவள், அப்புச்சிதான் காலை ஒடித்தார் என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்றேன். அவர் நம்பினார். அவள் அம்மா சென்னம்மாள் நம்பவில்லை. அதனால்தான் என்னை இந்த ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் பெண்ணுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. முறிந்த எலும்பின் கொழுப்பு நுரையீரலை அடைத்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். அது கட்டின் குற்றம் இல்லை. செவலையை அன்றைக்கே விற்றுவிட்டார்கள்; அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது போனேன். எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் கால்மாட்டில் நின்று பார்த்தேன். இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இருந்தன, ஐயா. அந்த ஜெர்மனிக்கார அம்மாள் ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால் கூட்டிவந்து காட்டியிருப்பேன்.