சம்பந்தியின் புரோகிராமும் ஸ்க்ரூ டப்பாவும்

ஹலோ... சம்பந்தி? நான்தாங்க. பேத்தியோட பள்ளிக்கூடத்துலேருந்து பேசறேன், ரோபோ அறையிலேருந்து... இடுப்பு வலி எப்படி இருக்கு?... ஆமா ஆமா, ஒரு வாரமா உங்க முகத்தைப் பாக்காம இங்க யாருக்கும் சோறே இறங்கலை. உக்காந்துட்டீங்களா? உக்காருங்க. நான் சொல்லப்போறது அத்தனையும் சத்தியம். ஒரு சொல்லு கூட்டலை, குறைக்கலை. இந்த வயசுல பொய் சொல்லி நான் என்னத்தை வாரிக் கட்டிக்கப் போறேன்?

...இல்லைங்க, பேத்திக்கு ஒண்ணும் ஆகலை. ஆனதெல்லாம் உங்க பைத்தான் கம்ப்யூட்டர் மொழியாலதான்.

...ஆமா, நீங்க எழுதின புரோகிராமேதான். பந்தை எடுத்துக் கூடையில போடணும், அவ்வளவுதானே? காலையில பசங்க ரோபோவை ஹால் நடுவுல வெச்சு ஸ்விட்சைப் போட்டாங்க. பந்துக்கு முன்னால போய் நின்னுச்சு. நின்னுச்சு... நின்னுக்கிட்டே இருந்துச்சு. யோசிக்குதாம். பசங்க போய்ச் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு ஆட்டம் கேரம் ஆடிட்டு வந்தாங்க. அப்பவும் யோசனைதான்... மெதுவான மொழின்னு நான் சொன்னேனா? நான் சொல்லுவேனா? பசங்க பேசிக்கிட்டாங்க.

...கேளுங்க, கேளுங்க. திடீர்னு கிளம்பிச்சு. பந்தைத் திரும்பிக்கூடப் பாக்கலை. வாசலைத் தாண்டி, வராண்டாவுல இடது பக்கம் திரும்பி, நேரா ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம். கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள போச்சு, அதுல உங்க வளர்ப்பு தெரிஞ்சுது. மேசை மேல இருந்த அந்தம்மாவோட கைப்பையை எடுத்து... ஆமாங்க, குப்பைக்கூடையில. கூடையில போடுன்னுதானே எழுதியிருந்தீங்க? எந்தக் கூடைன்னு அதுக்கு யார் சொன்னது?

...சிரிக்காதீங்க சம்பந்தி, இன்னும் இருக்கு. கணக்கு வாத்தியார் ஏதோ கையெழுத்து வாங்க அங்க நின்னுட்டு இருந்தார். அவர் தலையில இருக்கறது சொந்த முடி இல்லைன்னு அவர் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது. உங்க ரோபோவுக்குத் தெரிஞ்சுபோச்சு. உருண்டையா, கறுப்பா... பந்து மாதிரிதான் இருந்துச்சு, அதைக் குத்தம் சொல்ல முடியாது... ம், அதுவும் கூடையிலதான். வாட்ச்மேன் ரெண்டு பேரும் ஓடிவந்து பிடிச்சாங்க. ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய்த்தான் நின்னுச்சு. அதுக்கப்புறம் சாவகாசமா, லேப்டாப்ல சிவப்பு சிவப்பா எழுத்து வருது. 'தப்பு நடந்துபோச்சு'ன்னு.

...இதைத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? என்னோட சி பிளஸ் பிளஸ் மொழியில எழுதினா, ரோபோ அசையறதுக்கு முன்னாடியே இங்க தப்பு, அங்க தப்புன்னு வீட்டுக்குள்ள வெச்சே திட்டித் தீத்துடும். உங்களது, சபையில கொண்டுபோய் நிறுத்தி, அங்க வெச்சு மானத்தை வாங்குது... பசங்களுக்குச் சுலபமா? சுலபம்தான். வாத்தியார் முடிகூடச் சுலபமாத்தான் வந்துச்சு.

...அந்தம்மா கத்தலைங்க. ரொம்ப அமைதியா 'இதை எழுதினது யாரு?'ன்னாங்க. அந்த அமைதிதான் பயமா இருந்துச்சு. பசங்க உங்களைக் காட்டிக் கொடுக்கலை, தங்கமான பசங்க. ஆனா புரோகிராமோட முதல் வரியிலயே கொட்டை எழுத்துல உங்க பேரைப் போட்டு, 'ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்'னும் போட்டு வெச்சிருக்கீங்களே!

...போலீஸா? சேச்சே. 'அவர் மொழியையே மாத்திடுவாரும்மா'ன்னு காலைப் பிடிக்காத குறையா நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்... பேத்தி ஏன் உங்களைக் கூப்பிடலையா? அவ எப்படிங்க கூப்பிடுவா? குப்பைக்கூடையைக் கிளறிக்கிட்டு இருக்கா.

...அவதானே டீம் கேப்டன். ரெண்டு தாத்தாவும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரே மொழியைச் சொல்லலைன்னா, ரெண்டு பேருமே இந்த அறைப் பக்கம் வரக்கூடாதுன்னு சொன்னாளே, மறந்துட்டீங்களா? எனக்கு இதை விட்டா வேற போக்கிடம் ஏது? உங்களுக்கு மட்டும் இருக்கா? வீட்டுல இருந்தா சம்பந்தியம்மா பரண் மேல ஏத்தி ஒட்டடை அடிக்க விடுவாங்க. அதனால, 'சி பிளஸ் பிளஸ்ஸுக்குச் சம்மதம்'னு குரூப்புல ஒரு வரி போட்டு விடுங்க.

...பழசையா? நான் எங்கங்க பழசைக் கிளறினேன்? போன வருஷம் ரோபோ மேசையிலேருந்து விழுந்தப்ப, 'எங்க சம்பந்தி எழுதின சி பிளஸ் பிளஸ்தான் காரணம்'னு மைக்கைப் பிடிச்சு அத்தனை பேருக்கும் சொன்னீங்க. ஒயரைக் காலால இடறினது யாருன்னு நான் மூச்சு விட்டேனா? அன்னையிலேருந்து என்னை மூலையில உக்கார வெச்சு ஸ்க்ரூ பிரிக்க விட்டீங்க. பெரிசு ஒரு டப்பா, சின்னது ஒரு டப்பா. பேத்தி முன்னாடி. நான் எதையாவது மனசுல வெச்சுக்கிட்டேனா?

...போட்டுட்டீங்களா? இருங்க... ஆமா, வந்துடுச்சு. படிச்சேன். இன்னொரு தடவையும் படிச்சேன். 'சம்பந்தி சொன்னதே சரி'ன்னு நீங்களா சேத்திருக்கீங்க பாருங்க, கண்ணு கலங்கிடுச்சு. அட, பேத்தியும் கட்டைவிரல் போட்டுட்டா... என்ன? கூடையைக் கிளறிக்கிட்டே எப்படிப் போட்டாளா? அது... இன்னொரு கையால போட்டிருப்பா.

...நீங்களா? நீங்க வராம எப்படி? உங்களுக்குன்னு மூலையில நாற்காலியே போட்டாச்சு. இடுப்புக்குத் தலகாணிகூட வெச்சிருக்கேன். ஒரு வருஷமா நான் பிரிச்ச ஸ்க்ரூவையெல்லாம் ஒரே டப்பாவுல கொட்டி, நல்லாக் குலுக்கியும் வெச்சாச்சு. மெதுவாப் பிரிக்கலாம், உங்க பைத்தான் மாதிரி யோசிச்சு யோசிச்சு.

சரி, வெச்சிடட்டுமா?... என்னது? கேமராவைப் போட்டு ரோபோ ஓடறதைக் காட்டணுமா?... இப்பவேவா?... ஓடறதைக் காட்ட முடியாதுங்களே சம்பந்தி. அதோட பழைய சக்கரத்தை மூணு நாள் முன்னாடி, திங்கக்கிழமையே கழட்டிப் போட்டாச்சு, புதுசு இன்னும் வரலை.